இஸ்தான்புல்லில் ஒன்பது மணி நேர இடைவெளி: பெற்றோருடன் வழிகாட்டிச் சுற்றுலா போகலாமா?

மும்பையிலிருந்து சிகாகோ போகும் வழியில் இஸ்தான்புல்லில் 9 மணி நேரம் நிற்கவேண்டியிருக்கிறது, கூட வயதான அப்பா அம்மா, வழிகாட்டியோடு ஊரை ஒரு சுற்று சுற்றி வரலாமா அல்லது விமான நிலையத்திலேயே உட்கார்ந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் வீட்டுக்காரரும் மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது இதே ஊரில் பத்து மணி நேரம் மாட்டிக்கொண்டோம். எனக்கு 62, அவருக்கு 67. நீங்கள் சொல்லும் வயதான அப்பா அம்மா நாங்கள்தான். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

போகலாம். ஆனால் 9 மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கு ஊருக்குள் கிடைக்கப்போவது இரண்டரை மணி நேரம்.

கணக்கைப் பாருங்கள். விமானம் தரையைத் தொட்டு, குடிநுழைவு வரிசையில் நின்று, வெளியே வர ஒன்றரை மணி. புது விமான நிலையம் கருங்கடல் ஓரமாக இருக்கிறது. எல்லாரும் பார்க்க நினைக்கிற சுல்தானமெத் பகுதி அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். நெரிசலையும் சேர்த்தால் போக ஒன்றேகால், வர ஒன்றேகால். அப்புறம் விமானம் கிளம்ப இரண்டரை மணி முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். அங்கே முனையத்தின் வாசலிலேயே பைகளை ஸ்கேனரில் போட வேண்டும். உள்ளே பாஸ்போர்ட் வரிசை, மறுபடி பாதுகாப்புச் சோதனை. அமெரிக்கா போகிறவர்களுக்கு கேட் அருகில் இன்னொரு தடவை கேள்வியும் சோதனையும் உண்டு. எல்லாம் கழித்தால் மிச்சம் அவ்வளவுதான். எங்களுக்குக் காலை 6.10க்கு இறங்கி மாலை 4.30க்கு விமானம். மூன்றரை மணி கிடைத்தது. அதிலும் முக்கால் மணியைப் பறிகொடுத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்தை விட்டு வெளியே வரத் துருக்கி விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஷெங்கன் எனும் ஐரோப்பிய நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ செல்லுபடியாக இருந்தால் இ-விசா எடுக்கலாம். அப்பா அம்மாவுக்கு அமெரிக்க விசா இருக்கும் என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் துருக்கி அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே நிறம், அதே கொடி, அதே எழுத்தோடு இடைத்தரகர்களின் தளங்கள் நிறைய இருக்கின்றன. என் மருமகன் அப்படி ஒன்றில் கார்டு எண்ணைப் போடும் நிலைமை வரைக்கும் போய்விட்டார். மொத்தத் தொகையைப் பார்த்து மகள்தான் தடுத்தாள்.

பெட்டி விஷயம் சுலபம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரிய பெட்டிகள் நேரே சிகாகோ போய்விடும். மும்பையில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பைகளைக் காசு கொடுத்து விமான நிலையத்திலேயே வைக்கலாம். மருந்து, பாஸ்போர்ட், ஒரு சால்வை, இவை போதும். நாங்கள் முறுக்கு டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க நடந்தோம். அது வேண்டாம்.

இன்னொன்று. என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். பத்தரைக்கே 'மணி ஒண்ணாச்சு' என்று அவர் பதற, பக்கத்தில் இருந்த ஒரு தம்பதியும் சேர்ந்து பதறிவிட்டார்கள்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், உங்களோடு பெரியவர்கள் இருப்பதால் வேண்டும் என்பேன். தனியாகவோ நண்பர்களோடோ போகிற இளசுகளுக்கு எம்11 மெட்ரோ போதும், நடுவில் மாறிப் போய்க்கொள்ளலாம். முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு படி ஏறி இறங்கி ரயில் மாறுவது வேறு கதை. துருக்கிஷ் ஏர்லைன்ஸில் போகிறவர்கள் என்றால், சர்வதேச விமானத்திலிருந்து சர்வதேச விமானத்துக்கு மாறும் இடைவெளி 6 முதல் 24 மணி நேரத்துக்குள் இருக்கும்போது அவர்களே இலவசமாக ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். அதற்கென்று குறித்த நேரங்கள் உண்டு. உங்கள் நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். எங்கள் மகள் அப்பாவின் முழங்காலை நினைத்து ஆறு பேர் மட்டும் போகும் ஒரு வேன் சுற்றுலாவைப் பிடித்தாள். ஆளுக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது, நுழைவுச் சீட்டு தனி. கொள்ளைதான். ஆனாலும் வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசில் பாதி அவருடைய கடிகாரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நின்றாலும் எங்கள் வழிகாட்டிப் பையன் ஒரு கண்ணைச் சாலையில் வைத்திருந்தான். எங்கே நெரிசல், எந்த வழியில் திரும்புவது என்று டிரைவரோடு ஓயாமல் போனில் பேசிக்கொண்டிருந்தான். நாங்களே போயிருந்தால் அந்தக் கவலையிலேயே ஒன்றையும் பார்த்திருக்க மாட்டோம்.

எனக்கு இந்த ஊர்மேல் ஒரு சொந்த ஆசை இருந்தது. 28 வருடம் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினேன். '1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர், அதனால் கடல்வழி காண வேண்டிய தேவை ஏற்பட்டது' என்ற வரியை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கான்ஸ்டாண்டிநோபிள்தான் இன்றைய இஸ்தான்புல். அது அவ்வளவு நேரான கதை இல்லை, மிளகு அதற்குப் பிறகும் அலெக்சாண்டிரியா வழியாக வெனிசுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். என் பிள்ளைகள் மன்னிக்கட்டும். நான் டீச்சர் என்று தெரிந்ததும் வழிகாட்டிப் பையன் என்னை 'ஹோஜாம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ஆசிரியரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம்.

முதலில் பழைய குதிரைப் பந்தய மைதானம். இப்போது மைதானம் இல்லை, நீளமான பூங்கா மாதிரி இருக்கிறது. நடுவில் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒற்றைக்கல் தூண். எகிப்து மன்னர் மூன்றாம் துட்மோஸ் கர்னாக் கோயிலில் வைத்தது, ரோம மன்னர் தெயோடோசியஸ் கி.பி. 390இல் இங்கே நிறுத்தினார். நாலு வெண்கலக் கட்டைகள்மேல் நிற்கிறது. பக்கத்தில் மூன்று பாம்புகள் பின்னிய வெண்கலத் தூண், பாம்புகளுக்குத் தலை இல்லை. கி.மு. 479இல் பாரசீகரை வென்ற கிரேக்கர்கள் டெல்ஃபி கோயிலில் வைத்தது. இரண்டும் இப்போதைய தரையைவிடத் தாழ்ந்த குழிக்குள் நிற்கின்றன. தூண்கள் இறங்கவில்லை, ஊர்தான் மேலே ஏறிவிட்டது என்றான் பையன். அந்த ஒரு வாக்கியத்தை என் வகுப்பில் சொல்ல முடியாமல் போயிற்றே என்று இருந்தது.

நீல மசூதி எதிரிலேயே இருக்கிறது, நடந்தே போய்விடலாம். 1609க்கும் 1616க்கும் இடையில் முதலாம் அகமது சுல்தான் கட்டியது, ஆறு மினார்கள். பெண்கள் தலையை மூட வேண்டும். நான் சேலையில் போயிருந்ததால் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டேன், மற்றவர்கள் வரிசையில் நின்று துணி வாங்கினார்கள். குவிமாடத்தைத் தாங்குகிற நாலு பெருந்தூண்களுக்கு அவர்கள் ஊரில் 'யானைக்கால்' என்று பெயர். நம்மூரில் அது வியாதி. தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ரொம்பக் கஷ்டம். நாளைப் பொறுத்து இன்னும் சில இருக்கின்றன: ஞாயிறு என்றால் பெரிய பஜார் மூடியிருக்கும், செவ்வாய் என்றால் தோப்காப்பி அரண்மனை மூடியிருக்கும். உங்கள் விமானம் என்ன கிழமை என்று நீங்கள் சொல்லவில்லை.

இதன்பிறகுதான் அந்த முக்கால் மணி. 'பாரம்பரிய நெசவு பார்க்கப் போகிறோம்' என்று ஒரு கம்பளக் கடைக்குள் கூட்டிப்போனார்கள். உட்காரவைத்து ஆப்பிள் டீ கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பளத்தை விரித்தார்கள். காஞ்சிபுரம் போனால் பட்டுக்கடை, மகாபலிபுரம் போனால் சிற்பக்கடை, வண்டிக்காரருக்குக் கமிஷன். நமக்குத் தெரியாத கதையா? இவர் டீயைக் குடித்துவிட்டு, 'நாங்க தரையில கோரைப்பாய் போடற ஆளுங்க' என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எழுந்தார். கடைக்காரர் புரிந்த மாதிரி தலையாட்டினார். பதிவு செய்யும்போதே 'கடை எதற்கும் போகக்கூடாது' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அந்த முக்கால் மணிக்கு விலை ஹாகியா சோபியா, தேவாலயமாகக் கட்டி மசூதியான அந்தப் பழைய கட்டடம். வெளியே வந்து, ஒரு பருப்பு சூப்பைக் குடித்து முடித்தபோது (மெர்ஜிமெக் என்பார்கள், மைசூர்ப் பருப்புதான், எலுமிச்சை பிழிந்தால் ரசத்துக்குக் கிட்டே வரும், சில இடங்களில் இறைச்சிச் சாற்றில் செய்வார்கள், சைவம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்) மணி பதினொன்றரை. வரிசை சதுக்கத்தில் வளைந்து நின்றது. வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து 25 யூரோ கட்டணம் வேறு, மேல் மாடம் மட்டும்தான் பார்க்கலாம். 'ஒன்றுதான் முடியும், ஹோஜாம். சோபியாவா, நிலவறைத் தொட்டியா?' என்றான்.

நிலவறைத் தொட்டி என்றால் தண்ணீர் தேக்கத் தரைக்கடியில் கட்டிய பழைய தொட்டி. அதற்கு ஆன்லைனில் சீட்டு எடுத்தாகிவிட்டது. அதுமட்டுமில்லை, இவர் குடிநீர் வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் பொறியாளராக இருந்தவர். விமானத்தில் வரும்போதே அதைப் பற்றித்தான் பேசினார். நான் தொட்டி என்றேன். மனசில்லாமல்தான் சொன்னேன்.

படி இறங்கிப் போனால் குளுகுளுவென்று ஒரு காடு மாதிரி தூண்கள். 336 தூண்கள், வரிசைக்கு 28 வீதம் 12 வரிசை, ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் உயரம். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மன்னர் கட்டியது. காட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்த தண்ணீரை இங்கே தேக்கினார்கள். பழைய கட்டடங்களிலிருந்து பிடுங்கி வந்த தூண்கள் என்பதால் ஒன்று போல் ஒன்று இல்லை. இரண்டு தூண்களுக்கு அடியில் கிரேக்கக் கதையில் வரும் பாம்புக்கூந்தல் மெதூசாவின் தலை, ஒன்று பக்கவாட்டில், ஒன்று தலைகீழாக. கூட்டம் அங்கேதான் போட்டோ எடுத்தது. இவர் அந்தப் பக்கமே போகவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நின்று, தண்ணீர் கசியாமல் என்ன பூசினார்கள் என்று கேட்டார். செங்கல்லை இடித்துச் சுண்ணாம்போடு சேர்த்த சாந்து, எங்கள் ஊரில் கொராசான் என்போம் என்றான் பையன்.

'சுர்க்கி!' என்று கத்திவிட்டார். இடித்த செங்கல் பொடிக்கு நம்மூரில் அதுதான் பெயர். அவருக்கு ஊர் கம்பம். 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையைச் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துத்தான் கட்டினார்கள், இவர் தாத்தா காலத்துப் பேச்சு. அப்புறம் கால் மணி நேரம் அந்தப் பையனுக்கு இவர் வழிகாட்டி. பென்னிகுயிக்கில் ஆரம்பித்து கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் போய்விட்டது. பையன் போனில் குறித்துக்கொண்டான், உண்மையாகவா மரியாதைக்கா தெரியவில்லை. முட்டிவலி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

ஆகவே உங்கள் அப்பாவிடமும் அம்மாவிடமும் இப்போதே தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள், பார்க்க வேண்டியது என்ன என்று. சேர்த்து வைத்துக் கேட்டால் அம்மா 'அப்பாவுக்கு எது பிடிக்குதோ அது' என்பார். உங்கள் இரண்டரை மணியில் ஒரு மைதானமும் உள்ளே போய்ப் பார்க்க ஓர் இடமும்தான் அடங்கும். ஹாகியா சோபியா என்றால் வேறெதுவும் வைத்துக்கொள்ளாமல் அதற்கே போங்கள். குடிநுழைவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டால் போகவே வேண்டாம், விமான நிலையத்திலேயே கால் நீட்டிப் படுக்க இடம் தேடுங்கள்.

12.40க்கு வேன் கிளம்பியது. சதுக்கத்தைத் தாண்டும்போது ஹாகியா சோபியாவின் குவிமாடத்தைக் கண்ணாடி வழியாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவர் ஐந்தாவது நிமிடமே தூங்கிவிட்டார். ரோமர் காலத்துக் கால்வாய்ப் பாலத்தின் வளைவுக்கு அடியில் புகுந்து, வத்தான் சாலை என்ற அகலமான சாலையில் போனோம். கொஞ்ச தூரத்தில் சாலைக்கு இரண்டு பக்கமும் பழைய மதில், சாலை போகிற இடத்தில் மட்டும் மதில் இல்லை. கோபுரங்கள் பாதி இடிந்து, அடியில் கீரைப் பாத்திகள். சிக்னல் விழுந்து வேன் நின்றது.

தாழ்வான இடம், இரண்டு பக்கமும் மேடு. நான் போர்டில் வரைந்த படம் எனக்குத் தெரியாதா? 1453 முற்றுகையில் ஏப்ரல் 6 முதல் மே 29 வரை பீரங்கிக் குண்டு விழுந்த பக்கம். முன்னால் எட்டி, 'இது லைகஸ் பள்ளத்தாக்கா? மதில் உடைந்தது இங்கேதானே?' என்று கேட்டேன். பையன் போனில் டிரைவரின் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தான். போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினான்.

'ஆமாம் ஹோஜாம், இங்கேதான்.'

சிக்னல் மாறியது. 2.05க்கு விமான நிலையத்தில் இருந்தோம்.