அப்பாவின் படபடப்புக்கு மக்னீசியம் மாத்திரையா?

சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் உங்கள் 72 வயது அப்பாவுக்கு இரவில் நெஞ்சு படபடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மக்னீசியம் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

அவர் பிரஷருக்கு நீர் மாத்திரையும், வருடக்கணக்கில் அசிடிட்டிக்குப் பான்டோபிரசோலும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. அநேக நீர் மாத்திரைகளும் பான்டோபிரசோலும் மக்னீசியத்தைக் குறைக்கக்கூடியவை. அது மிகவும் குறைந்தால் பொட்டாசியமும் இறங்கி, துடிப்பு தடுமாறும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்; சீட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ரத்தத்தில் மக்னீசியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினினை விட்டுவிடவே கூடாது. மிஞ்சும் மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்திருந்தால் மாத்திரை உடம்பில் தேங்கி, துடிப்பையே மந்தமாக்கிவிடும்.

“மேக்னசைட் வெட்டுகிற ஊரில் இருக்கிறோம், நமக்கா குறையும்?” என்றாராமே அப்பா. மேக்னசைட் மக்னீசியம் உள்ள கல்தான்; ஆனால் கரட்டில் இருக்கும் கல் உடம்பில் சேராது. கம்பு, கேழ்வரகு, கீரை, நிலக்கடலையில் இருப்பதுதான் சேரும்.

மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.