வெள்ளை நிறமும் கேட்கும் காதும்

அன்புள்ள ஐயா,

குலசேகரத்துக்கு அருகே எங்களுக்கு மரச்சீனியும் வாழையும் நிற்கும் விளை ஒன்று உள்ளது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் காவலுக்கு ராஜபாளையம் குட்டி ஒன்று வாங்க நினைக்கிறேன். தகப்பன் கண்காட்சியில் பரிசு பெற்ற நாய் என்று சொல்லி ஒருவர் கூடுதல் விலை கேட்கிறார். பரிசை நம்பி வாங்கலாமா?

வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

பரிசை நம்பி வாங்க வேண்டாம். தாய் நாயை அது காவல் கிடக்கும் இடத்திலேயே, முடிந்தால் இருட்டிய பிறகு, போய்ப் பாருங்கள்.

கண்காட்சியில் நடுவர் பார்ப்பது உடற்கட்டும் நடையும் நிறமும். ராஜபாளையத்தில் கறையில்லாத வெள்ளை உடலுக்கும் இளஞ்சிவப்பு மூக்குக்கும்தான் மதிப்பு. அந்த வெள்ளையை மட்டுமே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்தால் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகின்ற செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கண்காட்சி மைதானத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

எங்கள் வீட்டில் ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளில் வந்தவர்கள் எல்லாரும் கேட்டது மாசுமறுவற்ற ஒரு வெள்ளைக் குட்டியைத்தான். ஒருநாள் அடுக்களையில் அலுமினியச் சருவம் கைதவறி விழுந்தபோது மற்றவை பதறி எழுந்து ஓடின. அது மட்டும் வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று எனக்கு உண்டான வருத்தம் இன்னும் போகவில்லை, ஏனெனில் அந்தத் தாயையும் தகப்பனையும் நிறம் பார்த்துச் சேர்த்தவன் நான்.

பிரிட்டனில் 1906-இல் தொடங்கிய சர்வதேச மேய்ப்பு நாய்ச் சங்கம், வம்சப் பதிவு இல்லாத நாயையும், ஆடு மேய்க்கும் திறனைச் சோதித்துப் பதிவேட்டில் சேர்க்கிறது. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப், ஆடு மேய்க்கும் இனமான பார்டர் கோலியை 1995-இல் கண்காட்சி இனமாக ஏற்றபோது, வேலைக்காக நாய் வளர்த்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அழகு பார்த்து வளர்த்தால் வேலைத்திறன் போய்விடும் என்ற அவர்களுடைய அச்சம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நம்மிடம் அத்தகைய சோதனை வழக்கமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றி வேட்டையும் கூடாது. இன்று ராஜபாளையம் நாய்க்கு மிஞ்சியிருக்கும் வேலை காவல் ஒன்றே, அதற்கு முதலில் வேண்டியது காது.

பன்றி கோரைப்பல்லால் வயிற்றைக் கிழித்துவிடும் என்பதால் நாயைத் தனியே ஏவிவிடாதீர்கள். அது குரைத்து உங்களை எழுப்பினால் போதும். குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அது உங்களைப் பார்க்காத நேரத்தில், பின்னால் சற்றுத் தள்ளி நின்று, வலப்புறமும் இடப்புறமுமாகச் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். மூக்கில் கறுப்பு இருக்கிறதென்று விலை குறைத்துத் தருகிற குட்டி ஒலி வந்த பக்கம் சரியாகத் திரும்புகிறதென்றால், அதையே வாங்கி வாருங்கள்.