கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான விருப்பம் ஒன்று இருந்தே ஆக வேண்டுமா? உங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது?

இருந்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ரசனையில் ஒட்டாமலேயே ஒருவருக்கொருவர் உயிராக வாழ்ந்தவர்களை எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை என்னால் சொல்ல முடியும். எங்களுக்கு இரண்டு இருக்கின்றன. ஒன்று, மாமனார் காலத்து புல்லட் வண்டி. இன்னொன்று, தினத்தந்தியில் தினமும் வரும் கன்னித்தீவு படக்கதை.

உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் ஊர். என் கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் ஐம்பதைத் தாண்டிவிட்டோம். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் ஒத்துப்போகும் விஷயம் என்று எதுவும் இல்லை. அவருக்குக் கிரிக்கெட், எனக்குப் பாட்டு. அவருக்குக் கூட்டம் பிடிக்கும், எனக்குத் தனிமை. மாமனாருக்குப் பிறகு வண்டி இவர் கைக்கு வந்தது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்ப ஆரம்பித்தோம்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். 1955ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு தொடங்கினார்கள், ராணுவத்துக்காக முதலில் வாங்கிய 350 சிசி புல்லட்டைத்தான் பிறகு திருவொற்றியூரில் காலாகாலமாகச் செய்தார்கள். எங்களுடையது அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பட்டன் ஸ்டார்ட் எல்லாம் கிடையாது. சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்ப் மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும், ஒரு கட்டத்தில் நடுவுக்கு வரும். தீப்பொறிக்கான பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, இடது கையில் இருக்கும், இன்ஜினுக்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியே விடும் சின்ன டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்க வேண்டும். பிறகு லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பு எடை முழுவதையும் போட்டு ஒரே உதை. பலம் வேண்டாம், முள்ளைப் பார்க்கிற பொறுமை போதும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். மோட்டார் வேலை செய்கிறவர் என்பதால் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லித்தான் சொல்லிக் கொடுத்தார். காரணம் தெரிந்ததால் கை தானாகப் பழகியது. இப்போது காலையில் வண்டியை உதைத்து எடுப்பது என் வேலை.

பின்சீட்டில் முதலில் சேலையோடு ஒரு பக்கமாகத்தான் உட்கார்ந்தேன். வால்பாறை மலையில் ஏறியபோதுதான் அது சரிப்படாது என்று புரிந்தது. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி ஒரு பக்கம் சாய, நான் மறுபக்கம் இழுபட்டேன். அடுத்த வாரமே சுடிதார் தைக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, அவர் சாயும்போது கூடவே சாய்ந்தால் வண்டி பாரமே தெரியாமல் திரும்பும். ஒன்பதாவது வளைவில் நின்று ஆழியாறு அணையைப் பார்ப்பதும், அதிர்ஷ்டமிருந்தால் பாறையில் நிற்கும் வரையாட்டைப் பார்ப்பதும் எங்கள் வழக்கம்.

ஓடுகிற புல்லட்டில் பேச முடியாது. ஹெல்மெட், காற்று, இன்ஜின் சத்தம். தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் பின்னால் லாரி வருகிறது. இதுதான் எங்கள் மொத்தப் பேச்சு. ஒரு மணி நேரம் அப்படி வாய் மூடி வந்துவிட்டு டீக்கடையில் இறங்கும்போது பேச ஆசையாக இருக்கும். ஆனால் எதைப் பேசுவது? வீட்டில் பேசுவதையே இங்கும் பேசினால் கரண்ட் பில்லும் பையனின் வேலையும் மாமியாரின் மாத்திரையும்தான் வரும். அங்கேதான் கன்னித்தீவு வந்தது.

பழைய டீக்கடைகளில் பேப்பர் முழுதாக இருக்காது. தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போயிருக்கும். கன்னித்தீவு வந்த தாள் யார் கையில் இருக்கிறதென்று அவர் கண்ணாலேயே தேடுவார். “அண்ணா, முடிச்சுட்டுக் குடுங்க” என்று கேட்டு வாங்கி, டீ கிளாஸ் வட்டம் விழுந்த அந்தத் தாளை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு படிப்போம். படித்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. பேச்சு மட்டும் அடுத்த ஊர் வரை வரும்.

எங்கள் விளையாட்டு இதுதான்: நாளைக்கு என்ன நடக்கும் என்று இருவரும் ஒன்று சொல்ல வேண்டும். தோற்றவர் மறுநாள் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். கதாநாயகன் சிந்துபாத் எந்த இக்கட்டில் இருந்தாலும் மேலே இருந்து உதவி வரும் என்பார் அவர், ராட்சசப் பறவையோ பறக்கும் ஆளோ. நான் கடந்த நாலைந்து நாளில் யார் பெயர் சும்மா வந்து போனது என்று யோசிப்பேன். கதை எழுதுகிறவர் காரணமில்லாமல் ஒருவரைக் காட்ட மாட்டார். பள்ளிக்கூடக் கணக்கில் கொடுத்த எண்ணை எங்காவது பயன்படுத்தத்தானே வேண்டும்?

கன்னித்தீவு தெரியாத தமிழர் குறைவு. தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். சி.பா. ஆதித்தனார் 1942ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியில் 1960ல் இந்தப் படக்கதை ஆரம்பித்தது. முதலில் வரைந்தவர் ஓவியர் கணு. மந்திரவாதி மூசா, அழகி லைலாவைக் கையளவு உருவமாகச் சுருக்கிவிடுகிறான். அவளைப் பழையபடி ஆக்க சிந்துபாத் அலைகிறான். அந்த அலைச்சல்தான் கதை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டம். 20,000 நாட்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆயிரத்தொரு இரவுகளில் வரும் சிந்துபாத் ஏழு கடற்பயணங்கள் போவான். தீவு என்று நினைத்து இறங்குவது ஒரு மீனின் முதுகாக இருக்கும். வைரப் பள்ளத்தாக்கில் மாட்டுவான், ராட்சசப் பறவையின் காலில் தன்னைக் கட்டிக்கொண்டு பறப்பான், தோளில் ஏறி உட்கார்ந்து இறங்க மறுக்கும் கிழவனைச் சுமப்பான். ஏழாவது முடிந்ததும் பாக்தாத்துக்குத் திரும்பி, சொத்தோடும் சுகத்தோடும் உட்கார்ந்து கதை சொல்லுவான். நம் ஊர் சிந்துபாத்துக்கு அந்த பாக்தாத் கிடையாது. இவனுக்குச் சொத்து முக்கியமில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகக் கடலில் கிடக்கிறான். மூலக்கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது, மனதாரச் சொல்கிறேன்.

முடியாத எதற்கும் கன்னித்தீவின் பெயரைச் சொல்லித் திட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. கோர்ட் கேஸ் இழுத்தால் கன்னித்தீவு, பாலம் கட்டும் வேலை இழுத்தால் கன்னித்தீவு. இது எனக்கு வருத்தம். பாலம் வேலை இழுப்பது பொறுப்பில்லாததால். இந்தக் கதை ஒரு நாளும் தவறக்கூடாது என்று ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்து எழுதி வரைந்ததால் நீள்கிறது. சின்னக் கட்டத்துக்குள் நேற்றைய கதையை ஒரு வரியில் நினைவுபடுத்த வேண்டும், இன்று ஏதாவது நடக்க வேண்டும், நாளைக்கு வாங்கிப் பார்க்கவும் வைக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிய வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே கணக்கைப் புரிய வைக்கப் பாடுபடுகிறவள் என்பதால் எனக்கு இதன் கஷ்டம் தெரியும்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி இன்னொரு தொடரைப் பற்றிச் சொன்னான். ‘கேசலின் ஆலி’ என்று பெயர், 1918ல் ஆரம்பித்து இன்றும் வருகிறதாம். தொடக்கத்தில் காரைக் கழற்றி மாட்டிக்கொண்டு பேசும் நண்பர்களின் கதை. 1921ல் அதில் ஒருவர் வீட்டு வாசலில் ஒரு குழந்தை கிடைக்கிறது. அந்தக் குழந்தை வாசகர்களோடு சேர்ந்து நிஜமாகவே வருஷத்துக்கு ஒரு வயது வளர்ந்தது என்றான். இவருக்கு அதைக் கேட்டதும் ரொம்பப் பிடித்துப்போயிற்று, வண்டி ரிப்பேரில் தொடங்கிய கதை என்பதால். நம் சிந்துபாத்துக்கு வயதே ஆகவில்லை. என் மாமனார் பார்த்த சிந்துபாத்தைத்தான் நானும் பார்க்கிறேன். அதுவும் எனக்கு வேண்டியிருக்கிறது.

கொல்லிமலையில் ஒரு காலை நேரம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பாதிக்கு மேல் முதல் கியரிலும் இரண்டிலும்தான் ஏறினோம். இன்ஜின் சூடு முழங்காலில் அடித்தது. செம்மேட்டில் டீ சொல்லிவிட்டுப் பேப்பர் கேட்டால், “பஸ் வரட்டும்” என்றார் கடைக்காரர். மலைக்குப் பேப்பர் பஸ்ஸில்தான் வரும். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவரும் அதற்காகத்தான் காத்திருந்தார். பஸ் வந்து கட்டைப் பிரித்ததும் முதல் தாள் என் கையில் கிடைத்தது.

“ஏம்மா, கன்னித்தீவு வந்திருக்கா? படிச்சுச் சொல்லும்மா, கண்ணாடி கொண்டாரல” என்றார்.

சத்தமாகப் படித்தேன். படத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார். சொன்னேன். மிளகு மூட்டையோடு நின்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பிறகு அந்தப் பெரியவர், தான் மாடு மேய்த்த வயதில் கதை எங்கே இருந்தது, மூசா எப்படியெல்லாம் ஏமாற்றினான் என்று ஆரம்பித்தார். எங்கள் டீ ஆறிப்போனது. ஆகாயகங்கை அருவிக்கு இறங்கலாம் என்று வைத்திருந்த நேரம் முழுவதையும் அவருக்கே கொடுத்தோம். கிளம்பும்போது இவர் அவரிடமும் நாளைய கதைக்கு ஒரு ஊகம் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் நாமக்கல்லில் பேப்பரைப் பிரித்தபோது பெரியவர் சொன்னதுதான் நடந்திருந்தது. அவர் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்து மலை மூணாறு. உடுமலையிலிருந்து ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி, சின்னாறு காட்டு வழியாக மறையூர் ஏறிப் போக வேண்டும். யானை நடமாட்டம் உள்ள பாதை என்பதால் இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும், நடுவில் எங்கும் நிறுத்தக்கூடாது. கேரளாவுக்குள் போகிறோம், அங்கே தந்தி கிடைக்குமா என்ற கவலை முதல் தடவை இருந்தது. எஸ்டேட் வேலைக்குப் போய்த் தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் நம் மக்களை மறந்துவிட்டோம். மூணாறு பஜாரில் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்கியது.

தனுஷ்கோடிக்கும் போயிருக்கிறோம். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ரோடு திறந்த பிறகு வண்டியிலேயே போக முடிகிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்கோடாக ரோடு, பக்கவாட்டுக் காற்றில் வண்டி தள்ளாடும். இடிந்த சர்ச் சுவரருகே நிறுத்திவிட்டு இவர் ஒரு கணக்குச் சொன்னார். 1964 டிசம்பரில் புயல் இந்த ஊரைக் கொண்டுபோனபோது சிந்துபாத் கடலில் இறங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் அதுவரை அந்த இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. இந்த ஊரிலும் யாரோ பேப்பர் வாங்கி, நாளைக்கு என்ன ஆகும் என்று பேசியிருப்பார்கள் அல்லவா?

இவருடைய சின்ன வயதில் முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி எல்லாம் வாடகைக்கு எடுத்துப் படித்திருக்கிறார். இன்றும் அந்தப் புத்தகங்கள் மேல் பாசம் உண்டு. ஆனால் புத்தகத்தை ஒரே இரவில் முடித்துவிடலாம், ஒருவர் முந்திப் படித்துவிட்டு மற்றவருக்குச் சொல்லலாம். கன்னித்தீவில் யாரும் முந்த முடியாது. இன்றைக்கு இவ்வளவுதான் என்று இருவருக்கும் ஒரே அளவு. எங்களைச் சேர்த்து வைத்தது அந்த அளவுதான் என்று நினைக்கிறேன்.

நீங்களும் தொடங்க நினைத்தால் புல்லட்தான் வேண்டும் என்றில்லை, ஸ்கூட்டியும் போதும். ஞாயிறு விடிந்ததும் முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ஏதாவது ஊருக்குப் போங்கள். போன் பைக்குள் இருக்கட்டும். டீக்கடையில் பேப்பர் கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் சலூன் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சாயந்தரம் வரை தந்தி இருக்கும், முடி வெட்டாமல் படித்துவிட்டுப் போனாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.