பழைய அவுட்போர்டு மோட்டார் ஓட்டத்தின் நடுவே திணறுவது ஏன்?

படகின் பின்னால் மாட்டிய உங்கள் பழைய மோட்டார் கரையில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, முழு வேகத்தில் சிறிது நேரம் ஓடியதும் திணறுகிறது, வேகத்தைக் குறைத்தால் சரியாகிறது என்கிறீர்கள். இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் இந்த அறிகுறிக்கு முதலில் எரிபொருள் வழியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

மோட்டார் திணறும் அதே நேரத்தில், ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் எரிபொருள் ஹோஸின் நடுவிலுள்ள ரப்பர் பல்பை அழுத்திப் பார்க்கட்டும். வேகம் ஏறினால், எரிபொருள் பம்பின் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு) பழுதாகியிருக்கும் அல்லது இணைப்பில் எங்கோ காற்று புகுகிறது. பல்ப் சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம்: முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஹோஸின் உள்தோல் உரிந்து, உறிஞ்சும்போது மட்டும் வழியை அடைப்பதும் உண்டு. வெளியே தெரியவே தெரியாது.

இவை எதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளவிடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் தலையின் கேஸ்கெட் இரண்டையும் சோதிக்க வேண்டும். எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறிப் படகு நகராவிட்டால், பிரொப்பெல்லரின் நடுவில் அதைத் தண்டோடு பிணைக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது.

பழுது சரியாகும்வரை, மேலே சொன்ன சோதனைக்குத் தவிர, தயவுசெய்து முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். பெட்ரோலில் கலந்துதான் ஆயிலும் போகிறது. எரிபொருள் குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும்.