செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன பண்றதுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ எழுதினத நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்து. மெல்பர்ன் வந்து மூணு மாசம், கிளேட்டன்ல ஷேர் ஹவுஸ், வேலை பரவால்ல, சனி ஞாயிறு நம்மாளுங்களோட ஓடிடுது, ஆனா திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் ஆபீஸ் விட்டு வந்தா செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கேன், ஆபீஸ்ல எல்லாரும் இந்த ஊர் ஃபுட்பாலப் பத்தி ஃபுட்டி ஃபுட்டின்னு பேசுறாங்க ஒண்ணும் விளங்கல, கோயில் தூரம், நாய் வளக்க ஆசை ஆனா வாடகை வீட்டுல விடுவாங்களான்னு தெரியல, நீங்க எப்படிண்ணா 2010லேர்ந்து இங்க காலத்த ஓட்டுறீங்க. இதானே?

வீசா, டாக்ஸ், பிஆர் பத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன பண்றதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். எனக்கும் யாரும் சொல்லல. அதனால எனக்கு நடந்தத சொல்றேன், உனக்கு ஆகுறத எடுத்துக்கோ.

குப்பைத் தொட்டிலேர்ந்து ஆரம்பிக்கிறேன், சிரிக்காத. நான் இருக்கிறது ஓக்லி பக்கம். குடி வந்து ரெண்டு வருஷம் என் தெருவப் பத்தி எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் புதன்கிழமை காலைல குப்பை வண்டி வரும்ங்கிறதுதான். செவப்பு மூடி சாதா குப்பை, பச்ச மூடி செடி கொடி, மஞ்ச மூடி ரீசைக்கிளிங். மஞ்ச மூடிய ரெண்டு வாரத்துக்கு ஒருக்கத்தான் எடுப்பாங்க, எந்த வாரம்னு கவுன்சில் காலண்டர் குடுக்குது, ஆனா அத எவன் பாக்குறான், செவ்வாய் ராத்திரி வெளிய வந்து எதுத்த வீட்டுல எந்த கலர் மூடி நிக்குதுன்னு பாத்து நானும் அதையே தள்ளிட்டு வருவேன். பிரச்சினை என்னன்னா எதுத்த வீட்டு தாத்தா என்னையப் பாத்துதான் வச்சிட்டு இருந்திருக்காரு! ஒரு வாரம் நான் நினைப்பில்லாம மஞ்ச மூடிய வைக்க, என்னயப் பாத்து அவர் வைக்க, அவரப் பாத்து பக்கத்து வீடு வைக்க, மறுநாள் வண்டி வந்து மத்தத மட்டும் தூக்கிட்டுப் போயிருச்சு, தெரு பூரா மஞ்ச மூடி மட்டும் வரிசையா நிக்குது. அன்னிக்குத்தான் அந்த மனுஷன் என்கிட்ட முதல் வார்த்தை பேசினாரு. அதுவும் திட்டுதான்.

கிரேக்கர் அவரு. ஓக்லில அவங்க ஜாஸ்தி, நீ ஸ்டேஷன் பக்கம் நடந்து பாத்தாலே தெரியும், காபிக் கடை வாசல்ல உக்காந்து மணிக்கணக்கா சத்தமா பேசிட்டு இருப்பாங்க, நம்ம டீக்கடை பெஞ்ச் மாதிரியே. இவர் அறுபதுகள்ல கப்பல்ல வந்தவரு. சம்சாரம் தவறிட்டாங்க. திட்டுல ஆரம்பிச்ச பழக்கம் எலுமிச்சம்பழம் குடுக்கிற வரைக்கும் வந்துச்சு, அவர் வீட்டு மரம் காய்ச்சுத் தள்ளும்.

இவங்க ஈஸ்டர் வேற கணக்கு, மத்தவங்களோட அதே தேதில வர்றது எப்பவாச்சும்தான். சனிக்கிழமை நடுராத்திரி சர்ச்சுல ஏத்தின மெழுகுவர்த்திய அணையாம வீடு வரைக்கும் கொண்டு வந்து, வாசப்படிக்கு மேல நிலைல அந்தப் புகையாலயே சிலுவை போடுவாங்க. ஒரு வருஷம் ராத்திரி ஒரு மணி இருக்கும், கதவத் தட்டுறாரு. என்னமோ ஏதோன்னு ஓடினா, கைல எரியுற மெழுகுவர்த்தி, தோள்பட்டை வலி, கை மேல எழும்ப மாட்டேங்குது, நீ வந்து போட்டுக் குடுன்னு கேட்டாரு. நான் போட்டேன் தம்பி. பழைய வருஷத்துப் புகைக் கறை மங்கலா இருந்துச்சு, அது மேலயே போடச் சொன்னாரு. நம்ம ஊர்ல எங்கம்மா மஞ்சக் குங்குமம் வைக்கிற அதே இடம், நிலைக்கு நடுவுல. திரும்பி வந்து எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரல, ஏன்னு இப்ப வரைக்கும் சொல்லத் தெரியல.

சரி நாய் விஷயத்துக்கு வரேன், நீ அதுக்குத்தான் காத்துட்டு இருப்ப.

எங்க வீட்டுல இருக்கிறது கிரேஹவுண்ட். ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன நாய்ங்கள இங்க தத்து குடுக்கிறாங்க, அப்படி வந்தது. நான் விருதுநகர் பக்கத்து ஆளு, முதல் தடவ அதப் பாத்தப்ப ஏய் இது நம்ம சிப்பிப்பாறைல்லன்னு வாய் விட்டே சொல்லிட்டேன், அதே ஒட்டின வயிறு, அதே நீட்டு மூஞ்சி, ஓரக்கண்ணால பாக்குற அதே பார்வை. முழுக் கறுப்பு. பேரு கருப்புன்னு வச்சோம், காவலுக்கு வந்துட்டான்னு எங்கம்மா போன்லயே கும்புட்டாங்க. காவலாவது ஒண்ணாவது, பெல் அடிச்சாக்கூட தலையத் தூக்க மாட்டான். ரேஸ் நாய்ன்னா வீட்ட ரெண்டாக்கும்னு நீ நினைப்ப, இது நாள் பூரா தூங்குற ஜாதி, மணிக்கு அறுபது கிலோமீட்டர் ஓடுற உடம்ப வச்சுக்கிட்டு சோபாவ விட்டு எறங்க மாட்டான்.

கூண்டுலயே வளந்ததால வீடுன்னா என்னன்னே தெரியாம வந்தான். முதல் நாள் கண்ணாடிக் கதவுல நேரா போய் முட்டினான். மாடிப்படி ஏறத் தெரியல, ஒவ்வொரு காலா நான் தூக்கி அடுத்த படில வச்சு வச்சு ஏத்துனேன், அரைமணி நேரம், ரெண்டு பேருக்கும் வேர்த்துப் போச்சு. காதுக்குள்ள பச்ச குத்தியிருக்கும், நம்ம பாட்டிங்க கைல இருக்குமே அந்தப் பச்சை. அதத் தடவிக் குடுத்தா நம்ம கால்ல அப்படியே மொத்த உடம்பையும் சாச்சு நிப்பான், முப்பது கிலோ, விழாம நிக்கிறது நம்ம சாமர்த்தியம்.

இவனக் கூட்டிட்டு தினம் சாயங்காலம் ஒரு ரவுண்டு போகணும், மழையோ குளிரோ. உன் செவ்வாய்க்கிழமைக்கு பதில் அங்கதான் இருக்கு. அஞ்சு வருஷமா தலையாட்டிட்டு மட்டும் போன ஆளுங்க எல்லாம் நின்னு பேசினாங்க, என்கிட்ட இல்ல, அவன்கிட்ட. என் பேரு இன்னிக்கும் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனா காரூப்பூன்னு ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை வேலி மேல ஏறி நின்னு கூப்பிடும். ஒரு சங்கதி, இந்த ஜாதிய வெளிய கயித்த அவுத்து விடக் கூடாதுன்னு இங்க ரூல். முன்னாடி வாய்க்கூடு வேற போடணும், 2019லேர்ந்து நம்ம விக்டோரியா மாநிலத்துல அத எடுத்துட்டாங்க. பின்னாடி கவர் எடுத்துட்டுப் போய் அள்ளணும். வீடியோ கால்ல இதப் பாத்துட்டு எங்கம்மா, இத அள்ளத்தான் கப்பலேறிப் போனியாடான்னு கேட்டாங்க. விமானம்மான்னு சொன்னேன்.

உன் கேள்வி, வாடகை வீடு. 2020 மார்ச்லேர்ந்து இங்க சட்டம் மாறிடுச்சு. அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு, அதுல வீட்டு ஓனருக்கு எழுதிக் கேக்கணும், அவருக்கு ஆகாதுன்னா 14 நாளுக்குள்ள அவர்தான் வீகாட்ங்கிற ட்ரிப்யூனலுக்குப் போய் காரணம் காட்டணும், போகலன்னா சம்மதம்னு அர்த்தம். அதனால சட்டம் உன் பக்கம்தான். ஆனா என்னயக் கேட்டா இப்ப வேணாம்னுதான் சொல்லுவேன். ஷேர் ஹவுஸ்ல மத்தவன் ஒத்துக்கணும், நீ நாலு வாரம் ஊருக்குப் போனா யார் பாப்பா, நாய் விடுதில விட்டா உன் டிக்கெட் காசுல பாதி அதுக்குப் போயிரும், நாய் டாக்டர் செலவு தனி. அப்புறம் மூணு மாசத்துக்கு மேல ஆன குட்டின்னா மைக்ரோசிப், கவுன்சில்ல ரெஜிஸ்ட்ரேஷன், வருஷா வருஷம் ஏப்ரல் 10க்குள்ள புதுப்பிக்கணும். ஆசை அடங்கலன்னா ஃபாஸ்டர்னு ஒண்ணு இருக்கு, தத்து போறதுக்கு முன்னாடி சில வாரம் வீட்டுல வச்சு பழக்கிக் குடுக்கிறது, அத முதல்ல செஞ்சு பாரு. திருப்பிக் குடுக்கும்போது அழுவ, அது வேற.

ஃபுட்டி. நான் வந்து எறங்கினது 2010 ஆகஸ்ட், அடுத்த மாசமே கிராண்ட் ஃபைனல். வீட்டு ஓனர் பாவம்னு கூப்பிட்டு டிவி முன்னாடி உக்கார வச்சாரு. காலிங்வுட், செயின்ட் கில்டான்னு ரெண்டு டீம். பந்து முட்டை மாதிரி இருக்கு, கையால குத்துறான், காலால ஒதைக்கிறான், நாலு கம்பம் நிக்குது. கடைசில பாத்தா ஒரு டீம் 9 கோல், இன்னொண்ணு 10 கோல், 10 அடிச்சவன் ஜெயிச்சான்னு நான் கை தட்டுறேன், வீட்ட சுத்தி ஒரு சத்தம் இல்ல. நடுக் கம்பத்துக்குள்ள போனா 6 பாயிண்ட், பக்கத்துல போனா 1. ஒருத்தன் 9 கோலும் 14 ஒத்தையும், இன்னொருத்தன் 10 கோலும் 8 ஒத்தையும், கூட்டிப் பாரு, ரெண்டும் 68. டிரா! ஒரு லட்சம் பேர் எம்சிஜில, அதான் மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்டுல, நின்ன இடத்துல நிக்கிறான். மறுவாரம் திரும்ப ஆடினாங்க, காலிங்வுட் ஜெயிச்சுது. அந்த ஒரு மேட்ச்ல கத்துக்கிட்ட கணக்கு எனக்கு ஜென்மத்துக்கும் போதும். இப்பல்லாம் டிரா ஆனா எக்ஸ்ட்ரா டைம்தான்.

உனக்கு ரூல் எல்லாம் தெரியணும்னு அவசியமே இல்ல. ஆபீஸ்ல டிப்பிங்னு ஒண்ணு நடக்கும் பாரு, ஒவ்வொரு வாரமும் யார் ஜெயிப்பான்னு எழுதிக் குடுக்கிறது, 18 டீம், முழு ரவுண்டுன்னா 9 மேட்ச். அதுல பேரக் குடு. நான் என் சம்சாரத்துகிட்ட கேட்டு எழுதுவேன், அவ விலங்க வச்சு முடிவு பண்ணுவா, ரிச்மண்ட் டீமுக்கு சின்னம் புலி, புலி எங்கயும் தோக்காதுன்னு 2017 பூரா அவங்களையே போட்டா, அந்த வருஷம் பாத்து அவங்க 37 வருஷத்துக்கு அப்புறம் கப் அடிச்சாங்க. இருபது வருஷமா ஃபுட்டி பாக்குறவன் எல்லாம் என்கிட்ட வந்து எப்படிடா கணிச்சன்னு கேக்குறான், நான் ஃபார்ம் பாத்தேன்னு சொல்லிட்டு நகந்துட்டேன்.

நம்ம கிரிக்கெட் தனிக் கதை. 2022 அக்டோபர் 23, ஞாயித்துக்கிழமை, எம்சிஜில இந்தியா பாகிஸ்தான், 90 ஆயிரம் பேருக்கு மேல. கோலி அடிச்சத எல்லாரும் பேசுவான், நான் பேசுறது நம்ம அஸ்வினப் பத்தி. கடைசிப் பந்துக்கு 2 ரன் வேணும், லெக் சைடுல போற பந்த அசையாம விட்டாரு பாரு, வைடு. எங்க வரிசைல யாருக்கும் மூச்சே இல்ல. மறுநாள் திங்கக்கிழமை தீபாவளி. எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு, தொண்டை கட்டிப்போய், எட்டு மணிக்கு ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்திருக்கேன், பேச வாயத் தொறந்தா காத்துதான் வருது. நம்ம தீபாவளி இங்க பெரும்பாலும் வேலை நாள்லதான் வரும், பழகிக்கோ. குதிரை ஓடுறதுக்கு நவம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை லீவு விடுவான், ஃபுட்டி ஃபைனலுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை லீவு விடுவான், தீபாவளிக்கு நீதான் ஆனுவல் லீவு போட்டுக்கணும்.

சாமி விஷயத்துல ஒரு குழப்பம் வரும், முன்னாடியே சொல்லிடறேன். ஊர் காலண்டர்ல போட்டிருக்கிற ராகு காலமும் பிரதோஷ நேரமும் இங்க ஒத்து வராது, எல்லாம் சூரியன வச்சுத்தானே. டிசம்பர்ல இங்க பொழுது சாயுறதே எட்டரை எட்டே முக்காலுக்கு, அப்ப பிரதோஷ காலம் ஏழு மணி வாக்குலதான் தொடங்குது, ஆபீஸ் முடிச்சு சாவகாசமா போலாம். ஜூன்ல அஞ்சு மணிக்கே இருட்டிரும், அப்ப நீ இன்னும் மீட்டிங்ல இருப்ப. மார்கழின்னா வேர்க்கும், ஆடில விரல் வெறைக்கும். கார்த்திகைக்கு விளக்கேத்த எட்டே கால் எட்டரை வரைக்கும் வெளிச்சம் போகட்டும்னு காத்துட்டு நிக்கணும், எங்க பிள்ளைங்க அதுக்குள்ள தூங்கிடும். அக்டோபர்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வைப்பாங்க, ஊருக்கும் இங்கயும் நாலரை மணி வித்தியாசம் அஞ்சரை ஆயிடும், அம்மா கூட பேசுற நேரமும் மாறும், முதல் வாரம் கண்டிப்பா ஒரு நாள் அவங்க தூங்குற நேரத்துல எழுப்புவ.

கோயில் தூரம்னு சொன்ன. கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் 1994ல கும்பாபிஷேகம் ஆனது, சிவனும் பெருமாளும் ஒரே இடத்துல. பஸ் ட்ரெய்ன் மாத்தி மாத்திப் போனா நாள் போயிரும்தான். வார நாள்ல வர்ற பிரதோஷத்துக்கு நான் முடிஞ்சவரைக்கும் போறது, கிளேட்டன் என் வழிதான், கார்ல ஒரு சீட் காலியாத்தான் இருக்கு. பின்சீட்ல கருப்போட முடி ஒட்டும், வேட்டி கட்டிட்டு வந்துடாத, இல்லன்னா முன்னாடியே உக்காந்துக்கோ.