மூடிய கலனைத் திறக்கும் காலம்: அணுக்கரு இணைவுக் கருவிகள் பற்றிய கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை வாசகசாலை உறுப்பினர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு, வெற்றிடக் கருவிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

மேனோன்பாறை, ஆலைப் பிட்டர்: ஐயா, கரும்பு அரவை முடிந்ததும் நாங்கள் உருளைகளைக் கழற்றிப் பழுது பார்ப்போம். இணைவுக் கருவியிலும் அதே வேலைதானா?

நிறுத்துவது அப்படித்தான், திறப்பதுதான் வேறு. ஹைட்ரஜன் போன்ற லேசான அணுக்கருக்களை ஒன்றிணைத்து ஆற்றல் பெற முயலும் இக்கருவியில், பிளாஸ்மாவை, அதாவது மின்னூட்டம் பெற்ற மிகச் சூடான வாயுவை, காந்தங்களால் ஒரு கலனுக்குள் அடைத்து வைப்பார்கள். அக்கலனுக்குள் இருப்பது, வெளிக் காற்றழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தம். கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் இயங்கும் மீக்கடத்திக் காந்தங்கள் உள்ள கருவியானால், சுமார் மைனஸ் 270 பாகையில் இருக்கும் அவற்றை முதலில் மெதுவாக அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கே வாரக்கணக்கில் ஆகும். பிறகு கலனை உலர்ந்த நைட்ரஜனால் நிரப்புவார்கள், ஏனெனில் ஈரக்காற்று புகுந்தால் உட்சுவரில் பதித்த கிராஃபைட் ஓடுகளின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆள் நுழையுமுன் அந்த நைட்ரஜனை வெளியேற்றிக் காற்றை விட மறந்தால் மூச்சுத் திணறி உயிரே போய்விடும்.

சித்தூர், கல்லூரி மாணவி: ஜெர்மனியின் வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் இணைவுக் கருவியை 2018க்குப் பின் நான்கு ஆண்டுகள் ஏன் மூடி வைத்தார்கள்?

கிரைஃப்ஸ்வால்டில் உள்ள அக்கருவி 2015 டிசம்பரில் ஹீலியம் பிளாஸ்மாவுடன் தொடங்கியது. 2018 வரை அதன் டைவர்ட்டர், அதாவது பிளாஸ்மாவின் வெப்பமும் கழிவும் வந்து விழும் பகுதி, நீர்க்குளிர்ச்சி இல்லாத கிராஃபைட்டாக இருந்ததால் சூடு சேரச் சேரச் சோதனையை நிறுத்த வேண்டியிருந்தது. சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் தாங்கும் நீர்க்குளிர்ச்சி டைவர்ட்டர்களைப் பத்து இடங்களில் பொருத்தி, வளைந்து நெளிந்த அக்கலனுக்குள் ஒவ்வொரு குழாய்க்கும் வழி கண்டுபிடிப்பது விரைவில் முடிகிற வேலையன்று. பலன் 2023 பிப்ரவரியில் தெரிந்தது: எட்டு நிமிடம் நீடித்த பிளாஸ்மா, 1.3 கிகாஜூல் ஆற்றல். மின்கட்டணக் கணக்கில் ஏறத்தாழ 360 யூனிட்.

வேலந்தாவளம், மின்பணியாளர்: அத்தனை இணைப்புகளில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, அண்ணா?

கலனை உறிஞ்சி வெற்றிடமாக்கி, வாயுக்களை அவற்றின் நிறையால் இனங்காணும் நிறைமானியை இணைத்துவிட்டு, வெளியிலிருந்து மெல்லிய முனையால் ஹீலியத்தை ஒவ்வோர் இணைப்பிலும் ஊத வேண்டும். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான். ஆகவே உள்ளே அது தென்பட்டால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஹீலியம் மேலே ஏறும் என்பதால் மேலிருந்து கீழாக ஊதுவதே முறை. அதை மதிக்காமல் ஒரு ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பை, குற்றவாளியாக்கி மூன்று நாள் கழற்றி மாட்டினேன். உண்மையான கசிவோ இரண்டடி மேலே இருந்தது. அதன்பின் சந்தேகப்பட்ட இணைப்பை பிளாஸ்டிக் பையால் மூடி, பைக்குள் மட்டும் ஊதப் பழகினேன். இரு ஃபிளாஞ்சுகளுக்கு இடையே அடைப்பாக வைக்கும் செம்பு வளையத்தை ஒருமுறைக்குமேல் பயன்படுத்தக் கூடாது. எஃகு விளிம்பு அதில் கடித்துப் பதிந்தால்தான் அடைப்பு. விளிம்பில் குறுக்கே மயிரிழைக் கீறல் விழுந்தாலும் போதும், காற்று நுழைந்துவிடும்.

கோபாலபுரம், ஆசிரியை: உள்ளே மனிதர்கள் போகலாமா?

ஹைட்ரஜனில் இயங்கும் கருவிக்குள், பரிசோதித்த பின், போகலாம். இங்கிலாந்தின் ஜெட் (JET) என்னும் இணைவுக் கருவியில் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியமும் நச்சு உலோகமான பெரிலியமும் இருந்ததால், 2009 முதல் 2011 வரை கார்பன் ஓடுகளைக் களைந்து பெரிலியமும் டங்ஸ்டனும் பதித்த வேலையைப் பெரும்பாலும் தொலைவிலிருந்து இயக்கும் கைகளே செய்தன.

மீனாட்சிபுரம், மாணவர்: நம் நாட்டில் இப்படி மாற்றியதுண்டா?

உண்டு. காந்திநகரில் 1989இல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோக்காமாக்கை, அதாவது வளைய வடிவக் கலன் கொண்ட இணைவுக் கருவியை, பிரித்து, டைவர்ட்டருக்கு இடம் தரும் வகையில் ஆதித்யா-யு ஆக்கினார்கள். 2016 டிசம்பரில் அதில் முதல் பிளாஸ்மா கிடைத்தது. புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதை மாற்றுவது கடினம் என்பது என் கருத்து.

ஆலைப் பிட்டர், மீண்டும்: மூடியதும் ஓட்டிவிடலாமா?

இல்லை. உள்ளே கொண்டுபோன ஸ்பானர்களையும் போல்ட்டுகளையும் பட்டியலோடு எண்ணிப் பார்த்த பிறகே மூடுவார்கள். அதன்பின் கலனை 150 பாகை வரை சூடேற்றி நீராவியை விரட்டுவார்கள். ஒளிர் மின்னிறக்கத்தால், அதாவது மெல்லிய வாயுவில் மின்சாரம் பாய்ச்சி எழுப்பும் ஒளிர்வால், சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள். நச்சான டைபோரேன் வாயுவை ஹீலியத்தில் கலந்து விட்டுச் சுவரில் போரான் படலம் பூசுவார்கள். அப்படலம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இல்லையேல் அது பிளாஸ்மாவில் கலந்து ஆற்றலை ஒளியாகச் சிதறடித்துக் குளிரச் செய்துவிடும். கையுறையில்லாமல் தொட்ட ஒரு விரலடையாளமே அந்தச் சூடேற்றலைக் கூடுதல் நாள்களுக்கு இழுக்கும் என்பதால், எங்கள் பணிமனையில் கையுறை கிழிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துவோம்.