மோல்டு திறக்கும் திசை: கேள்வி பதில்

சார், 3டி பிரிண்டரில் எடுத்த மாதிரி அருமையாக வந்தது. அதே ஃபைலை மோல்டு போடக் கொடுத்தால் ‘டிராஃப்ட் இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஏன்?

டிராஃப்ட் என்றால் பொருள் அச்சிலிருந்து கழன்று வர சுவருக்குக் கொடுக்கும் சாய்வு. பிரிண்டர் அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டு போகிறது; எதையும் எதிலிருந்தும் உருவ வேண்டியதில்லை. மோல்டில் கதை வேறு. அது உலோக அச்சு; உள்ளே செலுத்திய உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி, கோர் என்கிற உள் அச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுவர் நேர் செங்குத்தாக இருந்தால், எஜெக்டர் பின் (பொருளை வெளியே தள்ளும் கம்பி) தள்ளும்போது முழு ஆழத்துக்கும் உரசிக்கொண்டேதான் வரும். கீறல் விழும், அந்தக் கம்பி பட்ட இடம் வெளுத்துப்போகும். பக்கத்துக்கு 1 டிகிரியாவது சாய்வு கொடுங்கள். தோல் மாதிரி டெக்ஸ்சர் என்றால் 3 டிகிரி. வரைய உட்காரும்போதே, மோல்டு எந்தத் திசையில் திறக்கும் என்று ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வரும் டிராயிங்தான் மோல்டு செய்யும் டூல் ரூமில் பாதி சண்டைக்குக் காரணம்.

அப்படியானால் கோயில் ஐம்பொன் சிலையில் விரலுக்கு விரல் இடுக்கு இருக்கிறதே, அது எப்படிக் கழன்று வந்தது?

கழன்று வரவில்லை, உடைத்து எடுத்தார்கள். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். அந்த வெற்றிடத்தில் உலோகம். ஆறியதும் மண்ணை உடைத்துவிடுவதால் டிராஃப்ட் தேவையே இல்லை. ஆனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை.

அண்ணா, டப்பா உறுதியாக இருக்க சுவரை 2.5-லிருந்து 5 மி.மீ. ஆக்கலாமா?

வேண்டாம் தம்பி. ஆறும் நேரம் ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தில் கூடும். இரண்டு மடங்கு தடிமன், நாலு மடங்கு காத்திருப்பு. மெஷினுக்கோ மணிக்கணக்கில் காசு. நடுப்பகுதி கடைசியாக ஆறிச் சுருங்கும்போது வெளித்தோலை உள்ளே இழுக்கும். பளபளப்பான முகப்பில் சின்னச் சின்னக் குழி விழும். அதுதான் சிங்க் மார்க். சுவரை அப்படியே விட்டு உள்ளே ரிப், அதாவது விலா எலும்பு மாதிரி மெல்லிய தாங்கு பட்டை, கொடுங்கள். ரிப்பின் அடி சுவரில் பாதி இருக்கட்டும், மிஞ்சினால் 60 சதவீதம். உயரத்தை இரட்டித்தால் ரிப்பின் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் சுவர் தடிமனைப் போல மூன்று மடங்கைத் தாண்டாதீர்கள்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குப் போட்ட மோல்டில் மூடியை மட்டும் பிபி (பாலிபுரொப்பிலீன்) பிளாஸ்டிக்கில் அடிக்கலாமா?

அடிக்கலாம், பொருந்தாது. ஏபிஎஸ் சுமார் அரை சதவீதம் சுருங்கும். பிபி 1 முதல் 2.5 வரை.

எனக்கு 50 பீஸ்தான் வேண்டும். மோல்டு செலவு கட்டுப்படியாகுமா?

ஆகாது. சிலிகான் அச்சில் பாலியூரித்தேன் ஊற்றும் வாக்யூம் காஸ்டிங் பாருங்கள். ஒரு அச்சு சுமார் 20 பீஸ் தாங்கும். வெறும் பெட்டி வடிவம்தான் என்றால் அதுவும் வேண்டாம், தகட்டை மடக்கிவிடலாம். ஓட்டைகளை மட்டும் மடிப்புக்கு ஒட்டி வைக்காதீர்கள், இழுபட்டு முட்டை வடிவமாகிவிடும். மடிப்பின் ஆரத்தோடு தகட்டுத் தடிமனைப் போல இரண்டு மடங்கைக் கூட்டி, அவ்வளவு தள்ளி வையுங்கள்.